பூனையும் யானைக்கால் நோயும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்து வீடானாலும் தாமான் வீடானாலும் வாசலில் ஒரு பூனை படுத்திருப்பது நமக்குப் பழகிய காட்சி. அந்தப் பூனையின் இரத்தத்தில் யானைக்கால் நோய்க் கிருமி இருக்கக்கூடும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சிலரோ, கேட்டவுடன் பூனையைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடுவார்கள். இரண்டுமே தவறு.

எந்தக் கிருமி?

மலேசியாவில் யானைக்கால் நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ‘புருகியா மலாயி’ என்னும் நூல் போன்ற புழு. இது நிணநீர்க் குழாய்களில் தங்கி, நுண்புழுக்களை இரத்தத்தில் விடுகிறது. இதன் ஒரு வகை மனிதரிடம் மட்டுமன்றி, சதுப்புக் காடுகளில் வாழும் இலைதின்னிக் குரங்குகளிடமும் வீட்டுப் பூனைகளிடமும் காணப்படுகிறது. இதற்கு நெருங்கிய உறவான ‘புருகியா பகாங்கி’, பகாங் மாநிலத்தின் பெயரைத் தாங்கியது. நாய், பூனையிடமிருந்து எடுத்த புழுக்களைக் கொண்டு 1956-இல் விவரிக்கப்பட்டது. இது மனிதரையும் தொற்றியதாகக் கோலாலம்பூர்ப் புறநகரிலிருந்து 2011-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

எப்படிப் பரவுகிறது?

பூனை கடிப்பதாலோ பிறாண்டுவதாலோ, அதைத் தொடுவதாலோ இந்நோய் வராது. நடுவில் கொசு வேண்டும். கிருமியுள்ள இரத்தத்தைக் கொசு குடித்தபின், நுண்புழு அதன் உடலில் ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்கிறது. அதன் பிறகு அக்கொசு கடிக்கும்போதுதான் அடுத்தவருக்குச் செல்கிறது. ஓரிரு கடியில் நோய் வருவது அரிது. பல மாதங்கள் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும்.

‘மன்சோனியா’ கொசுவே இங்கு முக்கியக் கடத்தி. இதன் புழுக்கள் ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து மூச்சுவிடுகின்றன. ஆகவே செடி மண்டிய குட்டையும் அல்லூருமே இதற்குத் தாய்வீடு.

பூனை ஏன் முக்கியம்?

2004 முதல் நோயுள்ள பகுதிகளில் மக்களுக்கு டைஎத்தில்கார்பமசின், அல்பெண்டசோல் மாத்திரைகள் ஆண்டுக்கொரு முறை வழங்கப்பட்டன. மாத்திரை மனிதருக்குத்தான் போனது. பூனையிடமும் குரங்கிடமும் கிருமி எஞ்சியிருந்தால், கொசு அதை மீண்டும் மனிதரிடம் கொண்டுவர வழியுண்டு. கிருமியுள்ள பூனை பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் காட்டாமல் நன்றாகவே இருக்கும்.

என்ன செய்யலாம்?

• வீட்டருகே உள்ள குட்டை, அல்லூரில் மிதக்கும் செடிகளை அகற்றுங்கள்.
• இரவில் கொசுவலை கட்டுங்கள். பூனையையும் உள்ளே படுக்க விடுங்கள்.
• புழுத்தடுப்பு மருந்து பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மனிதருக்கான மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.
• அடிக்கடி காய்ச்சலோடு தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ, முழங்காலுக்குக் கீழே வீக்கம் நீடித்தாலோ அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லுங்கள். நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் மிகுதியாக இருப்பதால், பரிசோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பார்கள்.

கால் வீங்கியவர்களை ஒதுக்குவது நம்மிடையே பழைய வழக்கம். வெட்கப்பட்டு மறைத்தே பலர் முற்றவிட்டுவிடுகிறார்கள். இந்நோய் பக்கத்தில் உட்கார்வதால் ஒட்டாது. தொடக்கத்தில் மருந்து எடுத்தால் கிருமியை ஒழிக்கலாம். வீங்கிய காலையும் நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமின்றித் துடைத்து வந்தால் புண்ணும் காய்ச்சலும் குறையும்.

பூனையை விரட்டினால் கொசு போகாது. குட்டையைச் சுத்தம் செய்தால் பூனைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.