யார்க்டவுன் 1781: ஒரு முற்றுகையும் இரண்டு நோய்களும்

1/ சென்னை தேனாம்பேட்டையில செனடாஃப் ரோடு தெரியும்ல? செனடாஃப்னா நினைவு மண்டபம். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்குக் கட்டின மண்டபம் ஒரு காலத்துல அங்க இருந்ததாலதான் அந்த ரோட்டுக்கு அந்தப் பேரு. அவரோட சிலை இன்னைக்கும் கோட்டை அருங்காட்சியகத்துல நிக்குது. பீடத்துல திப்பு சுல்தானோட இரண்டு பிள்ளைகளை அவர் பணயமா வாங்குற காட்சி. அது 1792.

2/ அதுக்கு 11 வருஷம் முன்னாடி இதே மனுஷன் அமெரிக்காவில் தன் மொத்தப் படையோட சரணடைஞ்சவர். இடம்: வர்ஜீனியா மாகாணம், யார்க்டவுன். தேதி: 19 அக்டோபர் 1781. அமெரிக்க சுதந்திரப் போரோட தலையெழுத்து அன்னைக்குத்தான் மாறிச்சு.

இந்தக் கதையை வரலாற்று ஆசிரியர்கள் துப்பாக்கி, பீரங்கி, கப்பல் வச்சு சொல்லுவாங்க. நான் டாக்டர். நான் கேஸ் ஷீட் பக்கத்துல இருந்து சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

3/ முதல் நோய்: பெரியம்மை.

1775 கடைசியில் அமெரிக்கப் படை ஒண்ணு கனடாவுக்குள்ள போய் கியூபெக் நகரத்தை வளைச்சது. டிசம்பர் 31 அன்னைக்கு நடந்த தாக்குதல் தோல்வி. தளபதி மாண்ட்கோமரி அதுலயே செத்துட்டார். மிச்சம் இருந்த படைக்குள்ள அம்மை புகுந்துருச்சு. அடுத்த வருஷம் மே மாசம் பின்வாங்கும்போது நடக்கக்கூட முடியாதவங்க ஆயிரக்கணக்குல. அந்தப் படைக்குப் புதுசா வந்த தளபதி ஜான் தாமஸ், அவரே ஒரு டாக்டர், ஜூன் மாசம் அம்மையிலயே இறந்துபோனார்.

4/ எதிரணிக்கு ஏன் அந்த அளவு அடி இல்லை? இங்கிலாந்துல அம்மை எப்பவும் ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்த நோய். சிப்பாய்கள்ல நிறைய பேருக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும். ஒரு தடவை வந்து பிழைச்சுட்டா வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு சக்தி. அமெரிக்கப் பண்ணைகள்ல, கிராமங்கள்ல தனித்தனியா வளர்ந்த பசங்களுக்கு அது கிடையாது. பல ஊர்க்காரங்களை ஒரே முகாம்ல அடைச்சதும் தீ மாதிரி பரவிருச்சு.

5/ அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இந்த நோய் புதுசில்லை. 1751-ல், 19 வயசுல, பார்படோஸ் தீவுக்குப் போன இடத்துல அவருக்கே அம்மை வந்து பிழைச்சவர். முகத்துல தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

6/ அப்போ தடுப்பூசி கிடையாது. ஜென்னரோட மாட்டம்மை ஊசி வந்தது 1796-ல். அதுக்கு முன்னாடி இருந்த ஒரே வழி, அம்மைக் கொப்புளத்துல இருந்து சீழை எடுத்து ஆரோக்கியமானவர் கையில் கீறி ஏத்துறது. நிஜமான பெரியம்மையே வரும், ஆனா பெரும்பாலும் லேசா வரும்.

7/ இந்த முறையை பாஸ்டன் நகரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? ஒனேசிமஸ்னு ஒரு ஆப்பிரிக்க அடிமை. எங்க ஊர்ல இப்படித்தான் செய்வாங்கன்னு தன் எஜமானரான பாதிரியார் காட்டன் மாதர்கிட்ட சொன்னார். 1721-ல் அம்மை வந்தப்ப பாய்ல்ஸ்டன்னு ஒரு டாக்டர் அதைச் செஞ்சு பார்த்தார். கீறி ஏத்திக்கிட்டவங்க சுமார் 240 பேர், செத்தவங்க 6 பேர். தானா அம்மை வந்தவங்கள்ல 100-க்கு 14 பேர் செத்தாங்க. இந்த ஒனேசிமஸை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் வேணும்.

8/ இப்போ வாஷிங்டன் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. கீறி ஏத்துனா நல்லா இருக்கிற பையன்கள்ல 100-க்கு ஒண்ணு ரெண்டு பேர் உங்க உத்தரவாலயே சாவாங்க. மிச்சப் பேர் சில வாரம் படுக்கை. அந்த நேரத்துல அவங்ககிட்ட இருந்து மத்தவங்களுக்கும் தொத்தும். படை படுத்துக்கிடக்குன்னு எதிரிக்குத் தெரிஞ்சா கதை முடிஞ்சது. அதனாலதான் மே 1776-ல் இதைச் செய்யவே கூடாதுன்னு அவரே தடை போட்டார்.

9/ கியூபெக் படையோட கதி தெரிஞ்ச பிறகு மனசு மாறினார். பிப்ரவரி 1777-ல் டாக்டர் வில்லியம் ஷிப்பனுக்கு உத்தரவு: படையில் அம்மை வராத எல்லாருக்கும் ஏத்துங்க. புதுசா சேர வர்றவங்களுக்கு முகாமுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஏத்துங்க. முடிஞ்ச அளவு ரகசியமா, பகுதி பகுதியா நடந்துச்சு. ஒரு ராணுவம் முழுக்கவும் உத்தரவு போட்டு நோய்த்தடுப்பு செஞ்சதுல உலகத்துலயே ஆரம்ப உதாரணங்கள்ல இது ஒண்ணு. அதுக்கப்புறம் கியூபெக் மாதிரி ஒரு அழிவு அந்தப் படைக்கு வரல.

10/ இரண்டாவது நோய்: மலேரியா.

வடக்குல ஜெயிக்க முடியாம பிரிட்டிஷ்காரங்க போரைத் தெற்குக்குத் திருப்பினாங்க. மே 1780-ல் சார்ல்ஸ்டன் துறைமுகம் விழுந்துச்சு. ஆகஸ்ட்ல கேம்டன் போர்ல கார்ன்வாலிஸுக்குப் பெரிய வெற்றி. வரைபடத்தைப் பார்த்தா எல்லாமே அவர் கையில்.

11/ ஆனா ஆஸ்பத்திரிக் கணக்கு வேற மாதிரி இருந்துச்சு. கேம்டன்ல மட்டும் 800 பேருக்குப் பக்கம் காய்ச்சல்ல கிடந்தாங்க. தெற்கு கரோலினா நெல் விளையுற பூமி. தேங்கின தண்ணி, சதுப்பு, வெக்கை. அனாபிலிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் வேணுமா? அடிமைக் கப்பல்கள் வழியா ஆப்பிரிக்காவில் இருந்து ஃபால்சிபாரம் மலேரியாவும் வந்து சேர்ந்துருந்துச்சு. உயிரை எடுக்கிற வகை அதுதான்.

12/ நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு கட்டடத் தொழிலாளி நடுங்கிக்கிட்டே வந்தார். மூணு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு போர்வையை உதறிட்டு, உடம்பு எரியுதுன்னு கத்தினார். அப்புறம் தொப்பலா வேர்த்து, அசந்து தூங்கிட்டார். காலையில் நல்லா எழுந்து டீ கேட்டார். ஒரு நாள் விட்டு மறுபடி அதே நடுக்கம். முறைக்காய்ச்சல்னு நம்ம பாட்டிங்க சொன்னது இதைத்தான். இந்த நிலைமையில் ஒருத்தர் துப்பாக்கி தூக்கிக்கிட்டு 20 மைல் நடக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

13/ கார்ன்வாலிஸும் தப்பல. அக்டோபர் 1780-ல் கிங்ஸ் மவுன்டன்ல அவரோட ஒரு பிரிவு அழிஞ்சு, அவர் பின்வாங்கும்போது அவருக்கே கடுங்காய்ச்சல். கொஞ்ச நாள் ராடன்கிற இளம் அதிகாரிதான் படையை நடத்தினார். மருந்தா இருந்தது சின்கோனா பட்டை ஒண்ணுதான். அது விளையுறது தென் அமெரிக்காவில், ஸ்பெயின் கையில். ஸ்பெயினோ 1779-லயே பிரிட்டனுக்கு எதிரா போர்ல இறங்கிருச்சு.

14/ மார்ச் 1781-ல் கில்ஃபோர்ட் கோர்ட்ஹவுஸ் போர். ஜெயிச்சார், ஆனா சுமார் 1,900 பேர்ல கால்வாசிப் பேரை இழந்து ஜெயிச்சார். அடுத்து என்ன? இன்னொரு கோடையை கரோலினாவில் கழிச்சா காய்ச்சலே படையை முடிச்சுடும்னு அவருக்குத் தெரியும். மேலதிகாரி கிளின்டனுக்கு எழுதின கடிதத்துலயும் போன இலையுதிர் காலத்து நோயைச் சொல்றார். வடக்கே வர்ஜீனியாவுக்குப் போனார். அதுக்கு வேற காரணங்களும் உண்டு, ஆனா காய்ச்சல் பயமும் அதுல ஒண்ணு.

15/ இங்கதான் விதி விளையாடுது. பெரிய கப்பல் நிக்கிற ஆழமான துறைமுகம் ஒண்ணைப் பிடிச்சுக் கோட்டை கட்டுன்னு கிளின்டன் உத்தரவு. கார்ன்வாலிஸ் தேர்ந்தெடுத்தது யார்க் ஆத்தங்கரையில் இருக்கிற யார்க்டவுன். கடல் ஏறி இறங்குற தாழ்வான நிலம், ரெண்டு பக்கமும் சதுப்பு ஓடை. ஆகஸ்ட் மாசம் அங்க வெட்டவெளியில் மண் வெட்டி அரண் கட்ட ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ல கொசுவுக்கு அதுதான் சீசன்.

அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. கெட்ட காத்துதான் காய்ச்சலைக் கொண்டுவருதுன்னு எல்லா டாக்டரும் நம்பின காலம். மலேரியாங்கிற பேருக்கே அர்த்தம் கெட்ட காத்துதான். கொசுதான் காரணம்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897-ல்.

16/ இதுக்கு நடுவுல வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் நியூயார்க் பக்கத்துல இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல நடந்து தெற்கே வந்தாங்க. செப்டம்பர் 5 அன்னைக்கு பிரெஞ்சு அட்மிரல் டி கிராஸ், பிரிட்டிஷ் கப்பல்களைச் செசபீக் விரிகுடா வாசல்லயே தடுத்துட்டார். கடல் வழி அடைஞ்சது. செப்டம்பர் 28-ல் தரை வழியும் அடைஞ்சது. அக்டோபர் 9-ல் பீரங்கி முழங்க ஆரம்பிச்சது.

17/ கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. அப்போ முற்றுகை போட்டவங்களுக்கு ஏன் அந்த அளவு காய்ச்சல் இல்லை? வர்ஜீனியாக்காரங்க சின்ன வயசுல இருந்தே இந்தக் காய்ச்சலோட வளர்ந்தவங்க, உடம்பு ஓரளவு பழகிருச்சு. வடக்குல இருந்து வந்தவங்களும் ரோஷாம்போவோட பிரெஞ்சுக்காரங்களும் செப்டம்பர் கடைசியில்தான் வந்து இறங்கினாங்க. கொசு கடிச்சு, ஒட்டுண்ணி ஈரல்ல பெருகி, காய்ச்சலா வெளிய வர ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள சண்டை முடியுற கட்டம் வந்துருச்சு. கார்ன்வாலிஸ் படையோ ஆகஸ்ட்ல இருந்து அங்கேயே கிடந்து கடி வாங்கின படை.

18/ அக்டோபர் 14 ராத்திரி ரெண்டு காவல் அரண் விழுந்துச்சு. 16 ராத்திரி ஆத்தைத் தாண்டித் தப்பிக்கப் பார்த்தாங்க, புயல் வந்து படகைச் சிதறடிச்சது. 17 காலையில் ஒரு சின்னப் பையன் முரசு அடிக்க, ஒரு அதிகாரி வெள்ளைத் துணி காட்டினார். 19-ல் சரண். 7,000 பேருக்கு மேல ஆயுதத்தைப் போட்டாங்க. அதுல ஏறக்குறைய பாதிப் பேர் சண்டை போடத் தகுதியில்லாத நோயாளிகள். எதிரியோட குண்டைவிட நோய்தான் எங்களைக் குறைச்சதுன்னு மறுநாள் கிளின்டனுக்கு எழுதினார் கார்ன்வாலிஸ். உடம்பு சரியில்லைன்னு சொல்லி சரணடையுற சடங்குக்கும் அவர் வரல. ஓஹாராங்கிற அதிகாரியைத்தான் அனுப்பினார்.

19/ கொசுதான் அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வாங்கிக்கொடுத்துச்சுன்னு ஃபார்வர்டு போட்டுடாதீங்க. டி கிராஸ் கப்பல் இல்லைன்னா கார்ன்வாலிஸ் கடல் வழியா தப்பிச்சிருப்பார். நான் சொல்றது இவ்வளவுதான்: ஒரு தளபதி நோயைப் பத்தி தனக்குத் தெரிஞ்ச கொஞ்சத்தை வச்சு, பயந்துகிட்டே ஒரு கஷ்டமான முடிவு எடுத்தார். இன்னொருத்தருக்கு எதிரி எதுன்னே தெரியாம போச்சு.

20/ இப்போ ஒனேசிமஸுக்கு வருவோம். எஜமானர்களை விட்டு ஓடி வந்தா பாதுகாப்புன்னு 1779-ல் கிளின்டன் அறிவிச்சிருந்தார். அதை நம்பி ஆயிரக்கணக்கான கறுப்பின அடிமைகள் பிரிட்டிஷ் படையோட வந்தாங்க. யார்க்டவுன்ல மண் வெட்டினதுல அவங்க பங்கு பெருசு. அவங்களுக்குள்ள பெரியம்மை பரவிச்சு. சாப்பாடும் தீர்ந்துபோச்சு. கார்ன்வாலிஸ் அவங்களைக் கோட்டைக்கு வெளிய துரத்திட்டார். பிரிட்டிஷ் பக்கம் இருந்த ஜெர்மன் அதிகாரி இவால்ட் அதை வெட்கத்தோட எழுதி வச்சிருக்கார். காட்டுக்குள்ள செத்துக்கிடந்தவங்களைப் பார்த்ததை அமெரிக்க சிப்பாய் ஜோசப் பிளம் மார்ட்டினும் எழுதியிருக்கார்.

21/ பிழைச்சவங்களுக்கும் விடுதலை கிடைக்கல. சரணடைஞ்ச பிறகு அவங்கள்ல பல பேரைப் பிடிச்சு பழைய எஜமானர்கள்கிட்ட ஒப்படைச்சாங்க. வாஷிங்டனோட பண்ணையில் இருந்து ஓடி வந்தவங்களும் அதுல இருந்தாங்க. அமெரிக்கப் படையைக் காப்பாத்துன வைத்தியத்தை பாஸ்டனுக்குச் சொன்னது ஒரு அடிமை. அவர் இன மக்கள் அதே நோயில் காட்டுல கிடந்து செத்தாங்க. சுதந்திரப் போர்னு சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

22/ தோத்த கார்ன்வாலிஸுக்கு 1786-ல் கவர்னர் ஜெனரல் பதவி, அப்புறம் சென்னையில் சிலை, மண்டபம். அந்தக் காட்டுல கிடந்தவங்க பேருகூட யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை செனடாஃப் ரோடு சிக்னல்ல நிக்கும்போது ஒரு நிமிஷம் அவங்களை நினைச்சுக்கோங்க.

23/ கடைசியா டாக்டரா ரெண்டு வார்த்தை. குழந்தைக்கு ஊசி போட்டா காய்ச்சல் வருமேன்னு என்கிட்ட தினமும் கேக்குறாங்க. வரும். ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கும், போயிடும். 100-க்கு ரெண்டு உயிர் போகும்னு தெரிஞ்சே அன்னைக்கு அம்மையை ஏத்திக்கிட்டாங்க, ஏன்னா ஏத்தாம விட்டா என்ன ஆகும்னு கண்ணால பார்த்தவங்க அவங்க. இன்னைக்கு நம்ம கையில் இருக்கிறது அதைவிடப் பல மடங்கு பத்திரமான ஊசி. தேதி தவறாம போடுங்க.

வீட்டைச் சுத்தி தண்ணி தேங்க விடாதீங்க. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா ரத்தப் பரிசோதனைக்குத் தள்ளிப்போடாதீங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.