கொம்பு இடம் மாறிய கதை



ஆங் மோ கியோவில் நான் கற்பித்த தொடக்க ஆண்டுகளின் பயிற்சித்தாள்களை அண்மையில் கணினியில் திறந்தேன். தமிழுக்குப் பதிலாகப் புரியாத உரோமன் எழுத்துகளே நிறைந்திருந்தன. அவை திஸ்கிக் குறியீட்டில் தட்டச்சிட்டவை. அக்காலத்தில் மென்பொருளுக்கொரு குறியீடு. பொதுவழி தேடி 1997-இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டினார், 1999-இல் மறைந்தார். ஒருங்குறி பரவலானது அதன் பின்னரே.

மாற்றுகையில் சிக்கல் கொம்பிலேதான். திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பை மெய்க்கு முன்னே சேமிக்கும், ஒருங்குறியோ பின்னே. வரிசையைத் திருத்தாமல் குறியை மட்டும் மாற்றினால் 'கடலை' 'கடைல' ஆகிவிடும். (பிள்ளைகள் சிரிப்பார்கள்!) ஆகவே மூலக்கோப்பை அழிக்காமல், அதன் படியை மாற்றுங்கள்.

என் தாள்கள் தேறின. எந்தக் குறியீடென்றே அறியவியலாத ஒரு மாணவியின் கட்டுரையை மட்டும் இன்னும் படிக்க முடியவில்லை.