மடங்கிய விரல்களும் எங்கள் வேலூரும்

புனே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டால் "சென்னை" என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். வேலூர் என்றால் அடுத்த கேள்வி "அது எங்கே இருக்கு?", இல்லாவிட்டால் "ஓ, அந்த ஆஸ்பத்திரி!". இரண்டுக்கும் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஃபாரம் நிரப்பும்போது பொய் எழுத முடியாதே. சொந்த ஊர் என்ற இடத்தில் வேலூர் என்றே எழுதினேன். அதிலிருந்து ஆரம்பித்தது இந்தக் கதை.

முதலில் என் கை. வீடு மாறும்போது பால்கனிக் கண்ணாடிக் கதவு உடைந்து வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. தெருமுனை கிளினிக்கில் ஏழு தையல். சுண்டுவிரல் மரத்துக் கிடக்கிறதே என்று கேட்டதற்கு, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வீக்கம் வடிந்தது. தழும்பும் ஆறியது. ஆனால் இரண்டு மாதத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மெல்ல உள்பக்கம் மடங்கிக் கொக்கி போல ஆகிவிட்டன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. சட்டைப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாகிவிட்டது. சாம்பார் சாதம் பிசைந்து எடுத்தால் பாதி தட்டிலேயே விழும். ஆபீஸ் கேன்டீனில் ஸ்பூனுக்கு மாறினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், பக்கத்தில் நிற்பவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார். முதல் தடவை புரியவில்லை. மூன்றாவது தடவை புரிந்தது.

அம்மா போனில், "முழுக்கை சட்டையா போட்டுக்கோ, யாருகிட்டயும் கையை நீட்டாத" என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் தங்கமணி விடாப்பிடியாக ஒரு கை அறுவை நிபுணரிடம் அழைத்துப் போனார். (கைக்கென்று தனி டாக்டர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.) மராத்திக்காரர், வயதானவர். தழும்பைப் பார்த்தார். அதோடு விடாமல் என் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து எதையோ உருட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். "உடம்பில் எங்காவது உணர்ச்சி இல்லாத தேமல் இருந்ததா?" என்று கேட்டார்.

என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோபம் வந்தது. கண்ணாடி வெட்டிய தழும்பு கண்ணெதிரே இருக்கும்போது என்னைப் பார்த்து இதைக் கேட்கலாமா? நான் இஞ்சினியர், என் குடும்பத்தில் அப்படி யாருக்கும் இல்லை என்று, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி கையோடு யார் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும், விட்டுவிட்டால் அது டாக்டரின் தப்பு என்றார். பிறகு ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "வேலூரா? உங்களுக்கு நான் செய்யப்போகும் ஆபரேஷனை இந்த நாட்டில் உங்கள் ஊரில்தான் பழகினார்கள், தெரியுமா?" என்றார்.

தெரியாது. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்யும் பழமொழி தெரியும். இது தெரியாது. (சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பழமொழிதான் மாறவில்லை.) கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்த மாதங்களில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். வெள்ளைக்காரர், ஆனால் 1914-ல் பிறந்தது நம்ம கொல்லிமலையில். அப்பா அம்மா இருவரும் அங்கே மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். கொல்லிமலையிலேயே இருந்த அப்பா 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார், மகன் அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. பையன் உடனே டாக்டருக்குப் படிக்கவில்லை. முதலில் சில வருஷம் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டார். இந்தத் தச்சு வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை சொல்லித்தரும் ஆசிரியராக வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே இருந்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோயில் பெரிய நிபுணர். மடங்கிய விரல்களோடு எத்தனையோ பேர் நடமாடுவதைப் பார்த்த பிராண்ட், இந்தக் கைகளுக்கு ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று கேட்டிருக்கிறார். நான் தோல் டாக்டர், எலும்பு டாக்டர் நீங்கள்தானே, நீங்கள் ஏன் செய்யவில்லை என்று காக்ரேன் திருப்பிக் கேட்டாராம். கார் விபத்தில் கை உடைந்தவர்களுக்கு ஓடி ஓடிப் பார்க்கும் அறுவை நிபுணர்களில், லட்சக்கணக்கான தொழுநோயாளிகளின் கைகளைப் படித்தவர் அதுவரை யாருமில்லை.

அங்கே ஓர் இளைஞனின் கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்திப் பிடி என்றார். செத்துப்போன கை, என்ன பிடித்துவிடப் போகிறது என்ற நினைப்பு. பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை! அந்தக் கையில் எல்லாத் தசையும் சாகவில்லை என்று அங்கேதான் பொறி தட்டியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'விர்'ரென்று ஷாக் அடிக்குமே, அதுதான் அல்நார் நரம்பு. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ச்சியான இடங்களைத் தேடும் ஜாதி. நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடும் இடங்கள் குளிர்ச்சியானவை: முழங்கைக்குச் சற்று மேலே இந்த அல்நார், மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன் என்ற நரம்பு. அங்கே நரம்பு வீங்கிக் கெடுகிறது. அதற்குக் கீழே, உள்ளங்கைக்குள் இருக்கும் குட்டித் தசைகள் செத்துப்போகின்றன. விரலை அடிமூட்டில் மடக்கி நுனியில் நிமிர்த்துவது அந்தக் குட்டித் தசைகளின் வேலை. அவை போனால் விரல் கொக்கியாகிவிடும். ஆனால் முன்கையில் இருக்கும் பெரிய தசைகளில் பலவற்றுக்கு நரம்பு மேலேயே பிரிந்துவிடுவதால் அவை திடமாகவே இருக்கும். இளைஞனின் பிடி அங்கிருந்து வந்ததுதான். கண்ணாடி என் நரம்பை மணிக்கட்டில் வெட்டியது, கிருமி அவர்கள் நரம்பை மேலே கெடுத்தது. விரல்களில் தெரிந்த விளைவு ஒன்றே.

அப்படியானால் நல்ல தசையிலிருந்து ஒரு நாரை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு வைத்தால் என்ன? யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னெல் என்பவர் இதையெல்லாம் செய்து 1944-ல் கை அறுவைக்கென்றே ஒரு பெரிய புத்தகம் போட்டிருந்தார். கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் நார் இரண்டு உண்டு, ஒன்றைத் தானம் செய்யலாம். அதைப் பிளந்து விரல்களின் பக்கவாட்டில் கோத்துத் தைத்துவிட்டால் விரல் நிமிரும். 1940-களின் கடைசியில் வேலூரில் பிராண்ட் இதைத் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். இவர்கள் சதை ஆறாது, தையல் பிடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. பிறகு அவரே முறையை மாற்றினார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசையில், காலிலிருந்து எடுத்த மெல்லிய நாரை ஒட்டி, நாலு வாலாகப் பிரித்து, நாலு விரலுக்கும் கொண்டு போனார். 1952-ல் லண்டனில் இதைப் பற்றிப் பேசினார். கை அறுவை படிக்கிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வேலூருக்கு வர ஆரம்பித்தார்கள்.

ஆபரேஷனைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் கண்டுபிடித்த இன்னொன்று. தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், டாக்டர்கள் உட்பட. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் நின்றபோது, சிறுவன் ஒருவன் வந்து சுலபமாகத் திருப்பிவிட்டான். தரையில் ரத்தம். பார்த்தால் அவன் விரல் எலும்புவரை கிழிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்களை நோய் தின்னவில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் புண்ணும் சேர்ந்து தின்றன. இரவில் விரல்கள் காணாமல் போன கதையும் உண்டு. தூங்குகிறவரை எலி கடித்தது, அவருக்கு உறைக்கவில்லை. அதற்குப் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்களாம்.

இன்னொரு சங்கடமும் நடந்தது. சரியான கையோடு வெளியே போன சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்க முடியவில்லை, ஊரில் தழும்பைப் பார்த்து வேலையும் தரமாட்டேன் என்கிறார்கள் என்று. சாதாரண டாக்டராக இருந்தால் "நான் என் வேலையைச் செய்தேன்" என்றிருப்பார். இவர் தச்சர் ஆயிற்றே. 1951-ல் வேலூரில் 'நவஜீவ நிலையம்' தொடங்கி, ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தச்சு வேலை, பொம்மை செய்வது என்று கற்றுத்தந்தார். எந்த உளிப்பிடி எப்படி இருந்தால் உணர்ச்சியில்லாத கை காயப்படாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். 1955-ல் கரிகிரி மருத்துவமனை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். சின்ன வயதில் அந்தப் பக்கம் சைக்கிளில் போகக்கூடாது என்று தடை.

மேரி வர்கீஸைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பாதிதான். சி.எம்.சி.யின் இளம் டாக்டர். 1954-ல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கை அறுவையை உட்கார்ந்தபடியேதானே செய்கிறோம் என்று பிராண்ட் அவரை இதற்கு இழுத்தார். நடக்க முடியாத ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அடுத்தவரின் கையை நிமிர்த்தினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கியதும் அவர்தான். பிராண்ட் அதே ஆண்டு அமெரிக்கா போய்விட்டார், 2003-ல் இறந்தார்.

புனேக்கும் இதில் பங்கு உண்டு. கோண்ட்வா பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வெறும் டிராபிக்தான் ஞாபகம் வரும். 1950-களில் டாக்டர் என்.எச். ஆன்டியா அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையில்தான் மூக்கையும் முகத்தையும் கையையும் சீரமைக்கத் தொடங்கினார். இதே ஊரில் இன்னும் பழைய கதை ஒன்று: திப்புவின் போரில் பிடிபட்டு மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு, நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு வைத்தார்கள். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்து உலகப் புகழ் பெற்றது. மூக்கைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். போன கைக்கு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. அதற்கு இந்தியாவில் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, கொச்சியில் முதன்முறையாக இரண்டு கைகளை மாற்றிப் பொருத்தினார்கள். 2018-ல் சென்னை ஸ்டான்லியிலும் செய்தார்கள்.

என் கைக்கு வருகிறேன். முதலில் அறுந்த நரம்பைக் காலிலிருந்து எடுத்த நரம்பு வைத்து ஒட்டினார்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். ஒன்றரை வருஷம் பார்த்தோம். தொடு உணர்ச்சி மங்கலாக வந்தது, குட்டித் தசைகள் வரவில்லை. பிறகு நடுவிரலின் ஒரு நாரை இரண்டாகப் பிளந்து மடங்கிய இரண்டு விரலுக்கும் கொடுத்தார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. நடுவிரலை மடக்க வேண்டும் என்று நினைத்தால் சுண்டுவிரல் அசையும் :-) மூளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். பிசைந்து சாப்பிட்ட முதல் நாள் தயிர்சாதம்.

ஆயாவை அடிக்கடி நினைக்கிறேன். கோட்டை எதிரே மடங்கிய கைகளோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆயா காசை உயரத்திலிருந்து தகர டப்பாவில் போடுவார், டப்பாவைக்கூடத் தொடமாட்டார். வீட்டுக்கு வந்ததும் எனக்கும் கைகால் கழுவிவிடுவார். அப்போதே மருந்து இருந்தது. 1980-களில் கூட்டு மருந்து வந்து, குணமாகும் நோய் என்றே ஆகிவிட்டது. 2005-ல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ஆனாலும் 2023-ல் உலகத்தில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டத்தை 2019-ல்தான் எடுத்தார்கள்.

சுண்டுவிரலுக்கு இன்னும் சூடு தெரியாது. கரிகிரியில் நோயாளிகளுக்குச் சொல்லித்தருவதையே எனக்கும் சொன்னார்கள்: தினமும் ராத்திரி விளக்கடியில் விரலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தங்கமணி பிடி வைத்த டீ கப்பாக வாங்கி வைத்திருக்கிறார். நேற்று பார்த்தபோது விரலோரத்தில் சின்னக் கொப்புளம். எப்போது சுட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை. ஆபீஸ் டீக்கடை கிளாஸாக இருக்கும்.