ரோட்டை வெட்டு, பாலம் பிழைக்கும்

நண்பர் ஒருவர் எக்ஸெல் ஷீட்டோடு வந்து உட்கார்ந்தார். ஐஸ்லாந்துக்குக் குடும்பத்தோடு போகிறாராம். தலைநகர் ரெய்க்யவிக்கில் வாடகைக் கார். வடக்கே கிளம்பி, கிழக்கே திரும்பி, தெற்கு வழியாகத் தீவை ஒரு ரவுண்டு அடித்துவிட்டுக் காரை ஒப்படைப்பது. ஏழு நாள், ஏழு ஊர், ஏழு ஓட்டல். எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாச்சு. ரத்து செய்தால் வாபஸ் கிடையாது. அதனால்தான் மலிவு. எந்த அருவியில் எத்தனை நிமிஷம் என்பதுவரை கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தார். கடைசி நாள் காலை தென்கிழக்கு மூலையில் உள்ள ஹோஃப்னில் டிபன். இரவு விமானம்.

"எப்படி இருக்கு பிளான்?"

"கடைசி நாள் இடிக்குதே" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஹோஃப்னிலிருந்து ரெய்க்யவிக் வெறும் 460 கிலோமீட்டர்தானே, மணிக்கு 90 வரை போகலாமே, தார் ரோடுதானே? எல்லாம் சரி. ஆனால் அந்த 460 கிலோமீட்டருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது எக்ஸெல்லில் வராது.

1974 ஜூலை வரை அப்படி ஒரு வழியே கிடையாது. ஹோஃப்ன்காரர் காரில் தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் வடக்கே ஏறித் தீவையே சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். இன்றைய தூரக் கணக்கில் சுமார் 860 கிலோமீட்டர். மூக்கைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான்.

காரணம், ஸ்கெய்தரார்சந்தூர் என்கிற கறுப்பு மணல்வெளி. (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, 'அந்த மணல்' என்றே வைத்துக்கொள்வோம்.) வடக்கே வாட்னாயோகுல் என்ற பிரம்மாண்டமான பனிப்பாறை, தெற்கே கடல், நடுவே மணல். பனிப்பாறையிலிருந்து உருகி வரும் ஆறுகள் இந்த மணலில் இன்று ஓரிடத்தில் ஓடும், நாளை வேறிடத்தில் ஓடும். போதாக்குறைக்குப் பனிக்கு அடியில் எரிமலைகள். அவை சூடேறினால் ஐஸ் உருகி, உள்ளேயே ஏரியாகத் தேங்கி, ஒருநாள் உடைத்துக்கொண்டு வரும். இந்த வெள்ளத்துக்கு ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் யோகுல்ஹ்லாப். 'பனிப்பாறையின் ஓட்டம்' என்று பொருள். உலகத்துப் புவியியல் புத்தகங்கள் எல்லாம் அதே பெயரைத்தான் கடன் வாங்கியிருக்கின்றன.

மணலுக்குக் கிழக்கே ஓரைவி என்றொரு வட்டாரம். 1362ல் எரிமலை வெடித்து ஊர்களைத் துடைத்துப் போட்ட பிறகு வந்த பெயர். ஏறக்குறைய 'பாழ்நிலம்' என்று அர்த்தம். அங்கிருந்தவர்கள் மணலைத் தாண்டக் குதிரைதான் கதி. அதுவும் ஆற்றில் இறங்கிப் பழகிய குதிரையாக இருக்க வேண்டும்.

பாலம் கட்டலாம்தான். பணம்? அப்போது அந்த நாட்டின் ஜனத்தொகையே இரண்டு லட்சத்துச் சொச்சம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அரசாங்கம் 1971ல் ஒரு சட்டம் போட்டு, லாட்டரிக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஜனங்கள் வாங்க வேண்டும். தவணை முடிந்தால் அசல் திரும்பி வந்துவிடும். வட்டிக்குப் பதில் குலுக்கலில் பரிசு. அதாவது அசலுக்கு மோசமில்லாத லாட்டரி! ஜனங்கள் வாங்கினார்கள். மணலில் பாலங்கள் எழுந்தன. பெரியது கிட்டத்தட்ட 900 மீட்டர். 1974 ஜூலை 14ல் திறந்தார்கள். தீவில் மனிதன் குடியேறி 1,100 வருஷம் ஆனதைக் கொண்டாடிய அதே வருஷம். ஒன்றாம் நம்பர் ரோடு அன்றைக்குத்தான் முழு வட்டமானது.

22 வருஷம் தாக்குப்பிடித்தது.

1996 செப்டம்பர் 30ல் வாட்னாயோகுலுக்கு அடியில் எரிமலை கிளம்பியது. உருகிய தண்ணீர் முழுக்க கிரிம்ஸ்வோட்ன் என்ற உள்ளேரியில் போய்ச் சேர்ந்தது. வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என்றைக்கு என்றுதான் தெரியாது. ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். நவம்பர் 5 காலையில் வந்தது. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர். நம் பேப்பர்களில் வரும் கணக்கில் 17 லட்சம் கன அடிக்கும் மேல். கூடவே வீடு வீடாக ஐஸ் கட்டிகள். 376 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் இருந்த இடம் தெரியாமல் போனது. பெரிய பாலத்தில் ஒரு பகுதி காலி. ரோடு மட்டும் சுமார் 10 கிலோமீட்டர் அவுட்.

செத்தவர் எண்ணிக்கை? பூஜ்யம். ரோட்டை முன்கூட்டியே மூடியிருந்தார்கள். மூன்றே வாரத்தில் தற்காலிகப் பாலம் போட்டு மறுபடி திறந்தும் விட்டார்கள்.

இன்னொரு சம்பவம். 2010 ஏப்ரல் 14. எய்யாஃபியாட்லாயோகுல் வெடித்து, அதன் சாம்பலால் ஐரோப்பாவின் விமானங்கள் எல்லாம் தரையிறங்கி நின்றதே, அதே எரிமலை. நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே வேறொரு வேலை நடந்தது. வெள்ளம் மார்கர்ஃப்ளியோட் ஆற்றுப் பாலத்தை நோக்கி வருகிறது. சாலைத் துறை ஆட்கள் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய், பாலத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த ஒன்றாம் நம்பர் ரோட்டைத் தாங்களே வெட்டித் திறந்துவிட்டார்கள். தண்ணீர் அந்த வழியாகப் போகட்டும் என்று. போனது. பாலம் நின்றது. ரோட்டை மண்ணடித்து மூட ஆகும் செலவு என்ன, ஒரு பாலத்துக்கு ஆகும் செலவு என்ன? கணக்குத் தெரிந்த ஊர்.

அடுத்த வருஷமே, 2011 ஜூலையில், இன்னொரு ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நல்ல டூரிஸ்ட் சீசன். மாற்றுப் பாலத்தை ஒரே வாரத்தில் கட்டினார்கள். உலகத்துக்கு அது சாதனை. ஏழு நாள் பிளானோடு வந்தவருக்கு அந்த ஒரு வாரம்தான் மொத்த விடுமுறையும்.

வேடிக்கை என்னவென்றால், 1974ல் கட்டிய அந்தப் பெரிய பாலத்தைக் கடைசியில் எந்த வெள்ளமும் தோற்கடிக்கவில்லை. பனிப்பாறை உருகிப் பின்வாங்கியதில் 2009ல் ஆறே தடம் மாறிப் பக்கத்து ஆற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கீழே பேருக்குக் கொஞ்சம் தண்ணீர், மேலே அவ்வளவு நீளப் பாலம். 2017ல் பக்கத்தில் ஒரு சின்னப் பாலம் போட்டுப் பெரியவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 1996ல் முறுக்கித் தள்ளிய இரும்பு உத்திரங்களை மட்டும் ஸ்காஃப்டாஃபெல்லுக்குப் பக்கத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கு அவசியமே இல்லை. காற்று பலமாக அடித்தாலே இந்த மணல்வெளி ரோட்டை மூடிவிடுவார்கள். மணல் பறந்து காரின் பெயின்ட்டை உரித்துவிடும்.

"அதனால்தான் வாடகைக் காருக்கு மணல், சாம்பல் இன்சூரன்ஸ் என்று தனியாக ஒன்று கேட்கிறார்கள்" என்றேன்.

நண்பர் ஒரு கணம் பேசவில்லை. "அதை வேண்டாம்னு அடிச்சுத்தான் சார் பட்ஜெட்டையே குறைச்சேன்" என்றார்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தார். சுற்றைத் திருப்பிப் போட்டோம். முதலில் தெற்கு, மணலைத் தாண்டிவிட்டுத்தான் கிழக்கும் வடக்கும். ஹோஃப்னுக்குப் பிறகு ஒரு நாளைக் காலியாக விடச் சொன்னேன். ஒரு ஓட்டல் முன்பணம் போச்சே என்று முனகிக்கொண்டே, ஒரு அருவியையும் இரண்டு மியூசியத்தையும் அழித்தார்.