குதிகால் இறக்கப் பயிற்சி

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணின் நாள்பட்ட வலிக்கான இயன்முறை மருத்துவப் பயிற்சி. ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சனும் குழுவினரும் 1998இல் இதன் பலனை வெளியிட்டனர். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எம்பி, வலிக்கும் காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியும் சற்று மடக்கியும் தனித்தனியே 15 தடவை கொண்ட 3 சுற்றுகள். நாளுக்கு இரு வேளை, 12 வாரம். தினமும் 180 இறக்கங்கள் ஆகின்றன. மிதமான வலி இருந்தாலும் தொடரச் சொன்னது, ஓய்வையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில் துணிச்சலான அறிவுரை. நாண் எலும்பில் சேரும் இடத்திலேயே வலி இருப்போர் சமதரையில் செய்வது நல்லது. திடீரென அறுந்த நாணுக்கு இது உரியதன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.