தூசியும் பிறவியும்

ஒரே ஆலையில் ஒரே தூசியைச் சுவாசித்து உழைப்போருள் ஒருவன் இருமி இளைத்து மாய்கிறான். மற்றவன் முதுமை காண்கிறான். காரணம் யாதெனின், "அவனவன் தலையெழுத்து" என்று கூறி அமைவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். இவ்வினாவுக்கு விஞ்ஞானம் விடை கண்ட சரித்திரத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1938ஆம் ஆண்டில் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், பரம்பரையையும் அரசியலையும் பற்றிய தம் நூலில் ஒரு கருத்தை வெளியிட்டார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் இவரே. மட்பாண்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் மார்ச்சளி நோயால் இறப்பதில்லை. ஆதலின் அந்நோய்க்கு இடங்கொடுக்கும் உடற்கூறு பிறவியிலேயே சிலருக்கு அமைந்திருக்கலாம். அவர்களை வேலையில் சேர்க்காது விலக்கின் நோய் ஒழியலாம் என்பது அதன் சாரம்.

இக்கருத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக ஒரு நோய் விரைவில் அமெரிக்காவில் தோன்றிற்று. மாசசூசெட்ஸ் மாகாணத்திலும் சேலம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே புளோரசென்ட் விளக்குக் குழல்களின் உட்புறம் பூசிய பொடியில் பெரிலியம் என்னும் உலோகம் கலந்திருந்தது. அவ்வேலை செய்தோருள் 17 பேருக்கு நுரையீரல் கெட்ட செய்தியை 1946இல் ஹாரியட் ஹார்டி என்னும் மருத்துவ அம்மையார் டேபர்ஷா என்பாருடன் சேர்ந்து வெளியிட்டார். வேலையை விட்டு நீங்கிய பின்னரும் இந்நோய் தோன்றும். ஓஹையோ மாகாணத்து லொரெய்ன் நகரிலோ, பெரிலியம் ஆலைக்குள் அடியே வைத்திராத அயலாரையும் அது பற்றிற்று.

1949இல் விளக்குத் தொழிலார் பெரிலியத்தைக் கைவிட்டனர். அவ்வாண்டே அமெரிக்க அணுசக்திக் குழு, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம் வரை பெரிலியம் இருக்கலாமென எல்லை வகுத்தது. பிற்காலத்தில் நாட்டின் தொழிற்சட்டமும் அதையே ஏற்றது.

நிற்க. எல்லோரையும் பற்றாமல் சிலரை மட்டும் இந்நோய் பற்றுவானேன்? 1993இல் இதற்கு விடை கிடைத்தது. உடலின் காவற் செல்களுக்கு அந்நியப் பொருளை இன்னதென்று காட்டும் புரதம் ஒன்றுண்டு. அதனை ஆக்கும் மரபணுவின் ஒருவகை, பெரிலியம் தங்குதற்கு ஏற்ற இடத்தைத் தருகிறது. காவற் செல்கள் அதனைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கின்றன. அப்போரில் நுரையீரலே புண்பட்டுத் தடிக்கிறது. ஆராயப்பெற்ற நோயாளர் 33 பேரில் நூற்றுக்கு 97 வீதம் இம்மரபணு காணப்பட்டது.

ஹால்டேனின் ஊகம் மெய்யாயிற்றோ? பாதி மெய்யாயிற்று. பெரிலியத்தோடு பழகியும் நோயுறாத 44 பேரிலும் நூற்றுக்கு 30 வீதம் அதே மரபணு இருந்தது! பிறவியைச் சோதித்து ஆள் எடுப்பின், நோயே வாராத பலரின் பிழைப்பு பறிபோகும். மரபணு இல்லாதவனோ முழுக் காப்புப் பெற்றவனல்லன். இம்மரபணு உடையார் உலகெங்கும் உளர். பெரிலியம் உட்செல்லாதவரை அவருள் ஒருவர்க்கேனும் இந்நோய் வருவதில்லை. விதை எவர் உடலில் இருப்பினும், அதனை முளைக்கச் செய்வது தூசியே.

பிறப்பைக் காட்டி மனிதனை ஒதுக்கும் கொடுமை நம் சமூகத்துக்குப் புதிதன்று. விஞ்ஞானத்தின் பெயரால் அது ஆலை வாயிலில் மீண்டும் வந்து நிற்பதை நாம் ஒப்பலாகாது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம், மரபணுவைக் காரணங்காட்டி வேலை மறுப்பதைத் தடுத்தது. 2017இல் பெரிலிய எல்லை 0.2 மைக்ரோகிராமாக, அதாவது பழைய அளவில் பத்திலொன்றாகக் குறைக்கப்பட்டது. இதுவே நேரிய வழி.

தோழர்களே! தூசியிலும் புகையிலும் மருந்து நெடியிலும் உழைப்போர் நம்மிலும் பலர். அவருள் ஒருவர் நோயுற்றால், "அவர் உடல்வாகு அப்படி" என்று சொல்லி அமையாதீர்கள். அவர் சுவாசித்த காற்று எத்தகையது என்று கேளுங்கள். பிறவியை மாற்ற இயலாது. காற்றைத் தூய்மை செய்ய இயலும்.