குன்றின்மேல் வெண்தூண்கள்

நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிரம்பானில் ஏரிப் பூங்காவுக்கு அருகே, 1912ஆம் ஆண்டில் எழுந்து, நெடுங்காலம் அரசாங்கச் செயலகமாக விளங்கி, பின்னாளில் மாநில நூலகமாக மாறிய வெண்ணிறக் கட்டடத்தின் முன் நிற்கும் எவருக்கும், அதன் தூண்வரிசை இந்த மண்ணின் மரபில் முளைத்ததன்று என்பது ஒரு பார்வையிலேயே புலப்பட்டுவிடும். அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கோலாலம்பூர் ரயில் நிலையத்திலும் ஜாமெக் மசூதியிலும் மொகலாயச் சாயலில் குவிமாடங்களையும் வளைவுகளையும் அமைத்த அதே மனிதர், சிரம்பானில் கிரேக்க ரோமானியக் கோயில்களின் ஸ்தம்ப இலக்கணத்தைக் கையாண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா புதுப்பித்துக்கொண்டதும், இன்றைய கலைநூலோர் புதுச் செவ்வியல் என வழங்குவதும் அந்தப் பாணியே.

இதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 1908இல், இதே மாநிலத்தின் ஸ்ரீ மெனாந்தியில் ஓர் அரண்மனை முற்றுப்பெற்றது. 1875ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையினர் பழைய அரண்மனையை எரித்துவிட்டதால், அரச குடும்பத்தார் 1902இல் தொடங்கிக் கட்டிய அந்த மாளிகை 99 தூண்களைக் கொண்டது. இரும்பாணி இன்றி மரத்தோடு மரத்தைப் பொருத்தி எழுப்பியது. அதைச் சமைத்த தச்சர்களான காஹார், தாயிப் இருவரின் பெயர்களையும் அந்த ஊர் இன்றளவும் மறவாமல் வைத்திருக்கிறது. சிரம்பான் செயலகத்துக்கு வரைபடம் போட்டவர் பெயர் கிடைக்கிறது. செங்கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சாரம் கட்டியவர் பெயர்களை எந்தப் பலகையிலும் காணோம்.

இந்தத் தூண்களின் வம்சாவளியைத் தேடிச் சென்றால் அது நம்மை இத்தாலிக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் அழைத்துச் செல்கிறது. ஆந்திரேயா பல்லாடியோ 1570இல் வெளியிட்ட சிற்ப நூலைக் கண்ணாகப் போற்றியவர்களுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாம் ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன். பிரான்சின் நீம் நகரத்து ரோமானியக் கோயிலை மாதிரியாகக் கொண்டு வர்ஜீனியாவின் சட்டமன்றத்துக்கு வடிவம் தந்தவர் அவரே. தமக்கென அவர் கட்டிய மாளிகை மான்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் சிறு மலை என்பது அதன் பொருள். முகப்பில் தூண்களும் உச்சியில் குவிமாடமும் கொண்டு குன்றின்மேல் அமர்ந்திருக்கும் அந்த வீடு, சித்திர நூல்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுவது நியாயமே. அத்தனை அழகுடையது அது. ஆயினும் என் மனம் அதன் உள்ளமைப்பில்தான் அதிகம் தங்குகிறது. சாப்பாட்டு அறையின் கணப்பு மேடைக்குள், நிலவறையிலிருந்து மதுக்குப்பியை மேலே ஏற்றும் சிறு தூக்குப்பெட்டியை ஜெபர்சன் மறைத்து வைத்தார். சுவரில், தட்டுகள் பொருத்திய சுழற்கதவு ஒன்று இருந்தது. அடிமைகள் அப்பால் நின்று பண்டங்களை அடுக்கிச் சுழற்றினால், அவர்கள் முகம் தெரியாமலே விருந்தினர்முன் உணவு வந்து சேரும். சமையலறையும் பண்டகசாலையும் இருபுறத்து மேடைகளுக்கு அடியில் பதுங்கின. தம் ஆயுளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்த ஒருவர், அவர்களது உழைப்பில் வாழ்ந்துகொண்டே அவர்களைக் கண்ணிலிருந்து அகற்றுவதற்கு இத்தனை நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார். அந்த மாளிகையின் நேர்த்தியான மரவேலைகளில் பல, அங்கேயே அடிமையாக இருந்த ஜான் ஹெமிங்ஸ் என்ற தச்சரின் கைவண்ணம்.

அதே பாணி, வேறொரு கடல்வழியாகத் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய வெற்றியைக் கொண்டாட ஜான் கோல்டிங்ஹாம் கட்டி 1802இல் முடித்த விருந்து மண்டபம், கிரேக்கக் கோயிலின் தோற்றத்தோடு சென்னையில் இன்றும் நிற்கிறது. ராஜாஜி மண்டபம் என்றால் அனைவரும் அறிவர். அங்கே சலவைக் கல்லுக்கு எங்கே போவது? செங்கல்லைத் தூணாக அடுக்கி, அதன்மேல் நம் கொத்தனார்கள் வழிவழியாக அறிந்திருந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் மின்ன வைத்தார்கள். சென்னைச் சுண்ணம் என்று புகழ்பெற்ற அந்தச் சாந்து, வங்கக் கடலைத் தாண்டியும் போயிற்று. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்களை மேற்பார்த்த மக்நேர் என்ற அதிகாரி, மணலே சேராத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் என்று அந்தச் சாந்தின் பக்குவத்தைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். இத்தாலியர் வகுத்த இலக்கணத்துக்கு உடலும் தோலும் தந்தது நம்மவர் கைச்சரக்கு என்று சொல்வதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதை இதற்குப் பின்னால் வருகிறது. இலங்கையில் பழகிய துரைமார் முதலில் இங்கே காப்பி பயிரிட்டார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் ரப்பர் வந்து காப்பியை விழுங்கிற்று. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என எங்கும் காடு அழிந்து பால்மரம் நின்றது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. சிரம்பான் செயலகம் அடுத்த இரண்டாண்டில் நிறைவுற்றது. ஜெபர்சனின் நாடு ரப்பருக்குக் கொடுத்த விலையின் ஒரு துளி, வரியாக வந்து இங்கே வெண்தூணாக உறைந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

தோட்டத்துப் பங்களாவில் முழுமையான புதுச் செவ்வியல் அலங்காரத்தைத் தேடுபவர் ஏமாந்துதான் போவார். மழையும் கரையானும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் இலக்கணத்தின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது: குன்றின் உச்சி, நடுவே விசாலமான கூடம், இருபுறமும் ஒத்த அறைகள், முன்னால் வண்டி வந்து நிற்கும் முகமண்டபம், சுற்றிலும் தாழ்வாரம், சுண்ணாம்பு பூசிய செங்கல் தூண்கள். சமையல்கட்டு பின்னால் தனியே நின்றது. கூரை வேய்ந்த நடைபாதை ஒன்று அதை வீட்டோடு இணைத்தது. மின்சாரம் வருமுன், கூடத்தின் உத்தரத்தில் ஆடிய பங்காவின் கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே செல்லும். மறுமுனையைப் பிடித்திழுப்பவன் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பான். துரைக்குக் காற்று மட்டும் வரும், ஆள் தெரியாது. மான்டிசெல்லோவின் சுழற்கதவை நான் நினைப்பது இந்தத் துளையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் குன்றின் அடியில் இருந்தது. ஆரம்பத்தில் அத்தாப்புக் கூரை, பின்பு தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய நீண்ட கொட்டகையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவை ஒட்டிய அறை ஒவ்வொன்றும் ஒரு வீடு. 1796இல் ஜெபர்சன் காப்புறுதிக்காகத் தம் கட்டடங்களைப் பட்டியலிட்டபோது, மான்டிசெல்லோவின் மல்பெரி வரிசையில் அடிமைகள் வாழ்ந்த குடில்கள் சிலவற்றின் அளவையும் குறித்தார்: பன்னிரண்டடிக்குப் பதினான்கடி, மண் தரை. ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பலேறி வந்த லயத்தார் சட்டத்தின் கண்ணில் அடிமையல்லர். அந்த வேறுபாட்டை மங்கச் செய்வது இரு சாராருக்குமே அநீதி. எனினும் இரண்டு கண்டங்களில், நூறாண்டு இடைவெளியில், குன்றின்மேல் தூண்வைத்துக் கட்டிய கை கீழே அளந்த அறை ஏறக்குறைய ஒன்றாக இருப்பது என்னைத் துணுக்குறச் செய்கிறது.

லயத்து அறையின் உட்புறத்தையும் உள்ளலங்காரம் என்ற பெயரில் எழுதவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் விளக்கு, நாட்காட்டியிலிருந்து கத்தரித்து ஒட்டிய முருகன் படம், உத்தரத்தில் தொங்கிய தூளி, அடுப்புப் புகையில் கறுத்த பலகைச் சுவர், வாசலில் விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குப் புறப்பட்டவள் விட்டுச் சென்ற நீர்தெளித்த ஈரம். பங்களாவின் கதிர்விளக்குக்கும் சாய்வு நாற்காலிக்கும் நிழற்படம் கிடைக்கிறது. இவற்றுக்குக் கிடைப்பது முதியோரின் பேச்சு மட்டுமே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

லயத்தார் தாமாக எழுப்பிய கட்டடம் ஒன்று உண்டு. மரத்தடியில் ஒரு கல், அதன்மேல் அத்தாப்புப் பந்தல், கூலியில் மிச்சம் பிடித்த காசில் செங்கல் சுவர், கடைசியாகத் தமிழ்நாட்டு ஸ்தபதியின் கையால் கோபுரம் என்று, தலைமுறைக்கு ஒரு படியாக வளர்ந்த மாரியம்மன் கோவில் அது. அதன் மண்டபத்திலும் தூண்கள் உண்டு. அவற்றின் இலக்கணம் பல்லாடியோவை அறியாதது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நீலாய்ப் பக்கத்துத் தோட்டங்கள் பல குடியிருப்பு நகரங்களாகிவிட்ட இந்நாளில், பங்களாவும் இல்லாமல், லயமும் இல்லாமல், கோவில் மட்டும் புதுவீடுகளின் நடுவே நிற்கும் காட்சியைக் காணலாம். திருவிழா நெருங்கும்போது, எங்கெங்கோ சிதறிப்போன பழைய தோட்டத்துப் பிள்ளைகள் சுண்ணாம்பு வாளியோடு வந்து அந்தத் தூண்களுக்கு வெள்ளையடிக்கிறார்கள்.